சப்போரோ நாட்குறிப்பு: ஒரு வேளாண் பள்ளி பல்கலைக்கழகமாக வளர்ந்த ஊரில்

அக்டோபர் 28: மழையும் மணிக்கூண்டும்

சப்போரோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்ததுமே மழை பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற மழை இல்லை, சாரலாகவே மணிக்கணக்கில் பெய்கிற ரகம், கூடவே காதைக் கிள்ளுகிற காற்று. 6 டிகிரி. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, டோக்கியோவில் வேலை பார்க்கும் என் தங்கை, "அக்கா, இங்கே இதையெல்லாம் குளிர் என்றே சொல்ல மாட்டார்கள், பனி விழவே இன்னும் நாள் இருக்கிறது" என்றாள். அவளுக்கு ஜப்பானிய மொழி சரளமாக வரும். அவள் இல்லாமல் இந்தப் பயணத்தில் பாதி எனக்குப் புரிந்திருக்காது.

இந்த ஊருக்கு எல்லாரும் பீருக்கும் நண்டுக்கும் பனித் திருவிழாவுக்கும் வருவார்கள். நான் வந்தது ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைப் பார்க்க. ஜப்பானிய அரசு 1869-ல் இந்தத் தீவை முழுசாகத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஹொக்கைடோ என்று பெயர் வைத்து, அதைக் குடியேற்ற நிலமாக்க ஒரு தனி ஆணையத்தையே அமைத்தது. அந்த ஆணையம் செய்த முதல் வேலைகளில் ஒன்று பள்ளி தொடங்கியது. 1872-ல் டோக்கியோவில் தற்காலிகமாக ஆரம்பித்து, 1875-ல் இங்கே மாற்றி, 1876 ஆகஸ்டில் சப்போரோ வேளாண் கல்லூரி என்று திறந்தார்கள். ஊரே அப்போது சரியாக உருவாகவில்லை. காட்டை வெட்டிக் கட்டம் கட்டமாகத் தெரு போட்டுக்கொண்டிருந்த காலம். ஊருக்கு முன்னாலேயே கல்லூரி வந்துவிட்டது என்று கூடச் சொல்லலாம். அது ஏன், எப்படி என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

ஓட்டலுக்குப் போகிற வழியிலேயே மணிக்கூண்டு வந்துவிட்டது. வெள்ளை மரப்பலகைச் சுவர், சிவப்புக் கூரை, நாலு பக்கமும் உயரமான அலுவலகக் கட்டடங்கள். சின்னதாக இருக்கிறதே என்று பலர் முகம் சுளிப்பார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1878-ல் கல்லூரியின் பயிற்சி மண்டபமாக, மாணவர்கள் கவாத்து பழகக் கட்டியது. கடிகாரம் பாஸ்டனிலிருந்து வரவழைத்து 1881-ல் பொருத்தினார்கள். 1906-ல் கட்டடத்தையே இடம் மாற்றி இங்கே வைத்தார்கள். இன்றும் கையால்தான் சாவி கொடுக்கிறார்கள். நாங்கள் நின்றபோது ஐந்து மணி அடித்தது, குடைக்கு அடியில் நின்றுகொண்டே கேட்டோம்.

ராத்திரிச் சாப்பாடு சூப் கறி. இந்த ஊரின் தனிச் சாப்பாடு. மிளகு ரசத்துக்கும் கோழிக் குழம்புக்கும் நடுவில் ஒரு இடம் இருந்தால் அதுதான் இது. முழுக் கோழிக்கால் ஒன்று, பொரித்த கத்தரிக்காய், பூசணி, கேரட், உருளை எல்லாம் பெரிய பெரிய துண்டாக நீரான காரச் சாற்றில் கிடக்கும். சோறு தனித்தட்டில். ஸ்பூனில் சோற்றை எடுத்துச் சாற்றில் முக்கிச் சாப்பிட வேண்டும். காரத்துக்கு எண் சொல்லவேண்டும். பரிமாறிய பெண் எங்கள் மேசை உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக விளக்கினார், பிறகு பாதியில் வந்து காரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனார். ஆளுக்கு 1,600 யென். நூறு யென் என்பது அறுபது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, ஆக சுமார் 930 ரூபாய். சென்னையில் ஒரு கோழிக்காலுக்கு இந்த விலை கொடுக்க மாட்டேன், ஆனால் அந்தக் குளிரில் அது உள்ளே இறங்கிய சுகம் வேறு.

கல்லூரிக்கு முதல் தலைமை ஆசிரியராக வந்த அமெரிக்கர் கிளார்க், விடுதிப் பையன்களிடம் ரொட்டிதான் சாப்பிட வேண்டும், சோறு கறியோடு என்றால் மட்டும்தான் என்று விதி போட்டதாக இந்த ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதைதான். ஆனால் அந்தச் சோற்று விவகாரம் பின்னால் வேறு விதமாக வரப்போகிறது.

அக்டோபர் 29: கிளார்க், வெண்கலம், கிங்கோ மரங்கள்

காலையில் மழை விட்டிருந்தது. நிலையத்திலிருந்து வடக்கே பத்து நிமிடம்கூட நடக்கவில்லை, பல்கலைக்கழக வாசல். காவலாளி யாரும் நிறுத்தி யார் நீங்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. நகரத்தின் நட்டநடுவில் 177 ஹெக்டேர், ஏக்கரில் 430-க்கு மேல். பாட்டிகள் நாயோடு நடக்கிறார்கள், பால்வாடிக் குழந்தைகளை ஒரே தொப்பியில் வரிசையாகக் கூட்டிப் போகிறார்கள், நடுவில் ஓடும் சின்ன ஓடையின் பக்கத்துப் புல்வெளியில் மாணவர்கள் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். எல்ம் மரங்கள் பெரிது பெரிதாக நிற்கின்றன. இந்த நிலத்தில் காடு இருந்தபோது இருந்த மர வகை அது.

கிளார்க்கின் மார்பளவுச் சிலைக்கு முன்னால் போட்டோ எடுக்க வரிசை நின்றது. வில்லியம் ஸ்மித் கிளார்க் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியின் தலைவர். அங்கே விடுப்பு எடுத்துக்கொண்டு 1876-ல் இங்கே வந்தார், 1877 ஏப்ரலில் கிளம்பிவிட்டார். ஒரு முழு வருஷம் கூட இல்லை. அதற்குள் பாடத்திட்டம், பண்ணை, பசுக்கள், பைபிள் வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டுவிட்டார். கல்லூரிக்கு நீளமான விதிமுறை எழுதிக்கொண்டு வந்த அதிகாரிகளிடம், ஒழுக்கமான மனிதராக இருங்கள் என்ற ஒரு விதி போதும் என்று சொன்னாராம். அவர் போன பிறகு சேர்ந்த இரண்டாவது தொகுதி மாணவர்கள்தான் பெரிய பெயர் எடுத்தார்கள். உச்சிமுரா கன்சோ தேவாலயம் சாராத கிறித்தவ இயக்கம் கண்டவர். நிதோபே இனாசோ உலக நாடுகள் சங்கத்தின் துணைப் பொதுச்செயலாளர் ஆனவர், பழைய 5,000 யென் நோட்டில் இருந்த முகம் அவருடையது. மியாபே கிங்கோ தாவரவியலாளர். ஹிரோய் இசாமி ஒதாரு துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை எரிமலைச் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் 1908-ல் முடித்த பொறியாளர். கடல்நீரில் அந்தக் கலவை எத்தனை காலம் தாங்கும் என்று பரிசோதிக்க அவர் ஆயிரக்கணக்கில் வார்த்துவைத்த சிமென்ட் கட்டிகளை அவருக்குப் பின்னாலும் பல தலைமுறை எடுத்து உடைத்துப் பார்த்தார்கள். கடைசியாகச் சொன்ன இந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. தான் செத்த பிறகு வரப்போகும் விடைக்காக உட்கார்ந்து கட்டி வார்க்கிற பொறுமை எல்லாருக்கும் வராது.

நாங்கள் பார்த்த சிலை முதல் சிலை இல்லை. 1926-ல் வைத்ததைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காகப் பிடுங்கிப் போய்விட்டார்கள். இப்போது இருப்பது 1948-ல் மறுபடி வார்த்தது. போர் எடுத்துப்போனது வெண்கலத்தை மட்டும் இல்லை. 1941 டிசம்பர் 8, பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்த அதே நாள், மியசாவா ஹிரோயுகி என்ற மாணவரை உளவு பார்த்தார் என்று போலீஸ் பிடித்தது. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த லேன் என்ற அமெரிக்கத் தம்பதியிடம் நெமுரோ விமானதளத்தைப் பற்றிப் பேசினாராம். அந்தத் தளமோ ஊரறிந்த ஒன்று, 1931-லேயே அமெரிக்க விமானி லிண்ட்பர்க் அங்கே வந்து இறங்கியிருக்கிறார். 15 ஆண்டுத் தண்டனை. போர் முடிந்து வெளியே வந்தார், சிறையில் கெட்ட உடம்பு தேறாமல் 1947-ல் காசநோயில் இறந்தார். நாடு கடத்தப்பட்ட லேன் தம்பதி பின்னாளில் இதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து மறுபடி பாடம் நடத்தினார்கள். தங்கை இதைச் சொன்னபோது சிலைக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் விரல் காட்டிச் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சிலையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஃபுருகாவா மண்டபம், 1909-ல் கட்டிய வெள்ளை மரக்கட்டடம், பார்க்க அவ்வளவு அழகு. அதன் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அஷியோ செப்புச் சுரங்கத்தின் முதலாளிக் குடும்பம் கொடுத்தது. அந்தச் சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து வயல்கள் பாழாகி, விவசாயிகள் டோக்கியோ வரை போய்ப் போராடி, நாடே கொதித்த நேரம். கெட்டுப்போன பெயரைச் சரிசெய்யப் பல்கலைக்கழகங்களுக்கு நன்கொடை. அந்தக் காலத்தில்தான், 1907-ல், இந்தக் கல்லூரி தோஹோகு பேரரசுப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பிரிவாக மாறியது. தனியாக ஹொக்கைடோ பேரரசுப் பல்கலைக்கழகம் ஆனது 1918-ல். முதல் தலைவர் சாத்தோ ஷோசுகே, கிளார்க்கின் நேரடி மாணவர். வயல் கெட்டவர்களின் கண்ணீரும் வேளாண் படிப்பின் வளர்ச்சியும் ஒரே கட்டடத்தில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் அழகை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதியம் மாணவர் உணவகம். வெளியாட்களும் சாப்பிடலாம், ஆனால் பன்னிரண்டு மணி நெரிசலில் போகாமல் இருப்பது மரியாதை, அதனால் ஒன்றரைக்குப் போனோம். தட்டு எங்கே எடுப்பது என்று நாங்கள் முழித்ததைப் பார்த்து ஒரு மாணவர் தன் வரிசையை விட்டு வந்து எங்களோடு நடந்தே வந்து காட்டிக்கொடுத்தார், பிறகு பழையபடி வரிசைக் கடைசியில் போய் நின்றார். சாங்கி என்று இந்தத் தீவின் கோழி வறுவல், சோறு, மிசோ சூப், கீரைப் பொரியல் எல்லாம் சேர்த்து 650 யென் சுற்று. பில்லில் விலையோடு கலோரி, உப்பு, சிவப்பு-பச்சை-மஞ்சள் என்று மூன்று வகை உணவுக்கு மதிப்பெண் வரை அச்சடித்து வருகிறது. என் பில்லில் பச்சை ரொம்பக் குறைச்சல். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுக் கட்டணம் பொதுவாக 5,35,800 யென், மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். 2004-ல் எல்லா தேசியப் பல்கலைக்கழகங்களையும் தன்னாட்சி நிறுவனங்களாக மாற்றிய பிறகு அரசு கொடுக்கும் பணம் சுருங்கிக்கொண்டே வந்தது. மலிவு விலைச் சோறு தட்டில் விழும் இடத்தில் இந்தக் கணக்கையும் யோசித்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

சாயங்காலம் 13-ஆம் தெரு வாசலில் கிங்கோ வரிசை. 380 மீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் 70 மரங்கள், 1939-ல் நட்டவை. மேலேயும் மஞ்சள், கீழேயும் மஞ்சள். போட்டோக்களில் ஒரு விஷயம் வராது: நாற்றம். பெண் மரத்தின் பழம் விழுந்து நசுங்கினால் ஊசிப்போன வெண்ணெய் வாடை வரும். ஒரு பெரியவர் கையுறை போட்டுக்கொண்டு பழங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். தங்கை கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். சதையை ஊறவைத்துக் கழுவ வேண்டும், கொட்டையைக் காயவைத்து வறுக்க வேண்டும், ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது, குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று வகுப்பே எடுத்தார். கிளம்பும்போது என் ஷூவைக் காட்டி ஏதோ சொன்னார். அடியில் பழம் ஒட்டியிருக்கிறது, ரயிலில் ஏறுமுன் புல்லில் தேய்த்துவிடுங்கள் என்றாராம். இரண்டு பேரும் புல்லில் நின்று தேய்த்தோம்.

அக்டோபர் 30: முயல் முடியில் பிறந்த பனி

நாள் முழுக்க அருங்காட்சியகம். அனுமதி இலவசம். 1929-ல் கட்டிய பழைய அறிவியல் துறைக் கட்டடம், 1999 முதல் அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் மூன்று மாடி உயரத்துக்குத் திறந்த கூடம், சுவரில் காலைக்குப் பழங்கள், பகலுக்குச் சூரியகாந்தி, மாலைக்கு வௌவால், இரவுக்கு ஆந்தை என்று நான்கு புடைப்புச் சிற்பங்கள். ஆந்தையைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன், படிக்கிறவர்களுக்கு ராத்திரியின் காவல்.

நகாயா உகிச்சிரோ 1930-ல் இங்கே வந்த இயற்பியலாளர். விலை உயர்ந்த கருவிகளுக்கு வழியில்லாத இடத்தில் எது தாராளமாகக் கிடைக்குமோ அதையே ஆராய்ச்சிக்கு எடுத்தார்: பனி. மலைக் குடிசைகளில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பனிப்படிகங்களைப் படம் எடுத்தார். அடுத்தது அதைக் கையால் செய்து பார்க்கவேண்டும். காற்றில் மிதந்து வளருகிற படிகத்தை ஆய்வகத்தில் எதிலாவது தொங்கவிட வேண்டுமே. பட்டு நூல், பருத்தி நூல் எல்லாவற்றிலும் உறைபனி மொத்தமாகப் படிந்து கெட்டது. கடைசியில் கைகொடுத்தது முயல் முடி. முடியின் மேல் இருக்கும் நுண்ணிய எண்ணெய்க் கணுக்கள் ஒவ்வொன்றும் இடைவெளி விட்டுப் படிகத்துக்கு இடம் கொடுத்தன. 1936 மார்ச் 12-ல் உலகிலேயே முதல் செயற்கைப் பனிப்படிகம் இங்கே பிறந்தது. வெப்பமும் ஈரமும் எந்த அளவில் இருந்தால் எந்த வடிவம் வரும் என்று வரைபடமே போட்டார். அதனால்தான் பனி வானிலிருந்து வரும் கடிதம் என்று அவரால் சொல்ல முடிந்தது. வடிவத்தைப் பார்த்தால் மேலே காற்று எப்படி இருந்தது என்று படித்துவிடலாம். அந்த ஆய்வகம் இருந்த இடத்தில் அறுகோணக் கல் ஒன்று வைத்திருக்கிறார்கள். தேடிப் போய்ப் பார்த்தோம்.

சுசூகி அகிரா 2010-ல் வேதியியல் நோபல் பெற்றவர், இந்தத் தீவிலேயே பிறந்து இங்கேயே படித்து இங்கேயே பாடம் நடத்தியவர். போரான் சேர்மங்களைக் கொண்டு இரண்டு கரிம மூலக்கூறுகளை ஒட்டவைக்கும் வினையை 1979-ல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். என் அப்பா தினமும் காலையில் போட்டுக்கொள்ளும் பிரஷர் மாத்திரை லோசார்ட்டன், அதன் தயாரிப்பில் இந்த வினை இருக்கிறது. மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகம் மக்களுக்கு என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

ஒரு மூலையில் செம்பலோ என்ற பழைய வகைக் கம்பி இசைப்பெட்டி. 2004 செப்டம்பர் புயலில் இங்கே பேர்போன பாப்லர் வரிசை மரங்கள் பல சாய்ந்தன, அந்தக் கட்டையில் செய்தது. நட்ட மரம் விழுந்தால் விறகாக்காமல் வாத்தியம் ஆக்கியிருக்கிறார்கள்.

வெளியே வரும்போது மறுபடி மழை, செல்போனும் குளிரில் செத்துப்போயிற்று. பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்தது. கக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடு காட்டியதும் உயிர் வந்தது. குளிர் ஊருக்குப் போகிறவர்கள் போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

அக்டோபர் 31: வளாகத்தின் வடக்குக் கோடி

இன்றைக்குக் கூட்டம் போகாத வடக்குப் பக்கம். வழியில் பெஞ்சில் உட்கார்ந்து காலை ரொட்டியைப் பிரித்தோம், பின்னாலிருந்து வந்த காக்கை தங்கையின் கையிலிருந்த பொட்டலத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. நம் ஊர்க் காக்கையைவிட இரண்டு மடங்கு பெரிது. பக்கத்தில் சைக்கிளை நிறுத்திய ஒரு அம்மாள் எங்களைவிட அதிகமாகப் பதறி, தன் பையில் இருந்த இரண்டு சோள பிஸ்கெட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாம் பண்ணை. 1877-ல் கிளார்க்கின் திட்டப்படி கட்டிய மாதிரித் தொழுவம், பின்னாளில் இந்த இடத்துக்கு மாற்றியது. அமெரிக்கக் கிராமத்தைப் பெயர்த்து வைத்த மாதிரி உயரமான மரக்கட்டடம். கீழே மாடு, மேலே வைக்கோல். சோளக் குதிர் தூண்களின் மேல் நிற்கிறது, எலி ஏறாதபடி தூண் தலையில் அகலமாகத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்பின் விளிம்பு தேய்ந்து, மரத்தின் ரேகை எழும்பித் தெரிந்தது. எத்தனை எலிகள் அங்கே வந்து திரும்பிப் போயிருக்குமோ.

அதே வளாகத்தில் ஒரு தோப்பு. தரையில் அங்கங்கே வட்டமும் சதுரமுமாகப் பள்ளங்கள், எல்லாவற்றிலும் இலை நிரம்பிக் கிடக்கிறது. தெரியாதவர்கள் மழைத்தண்ணீர் அரித்த குழி என்று தாண்டிப் போய்விடுவார்கள். இவை ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன் சாட்சுமோன் பண்பாட்டு மக்கள் வாழ்ந்த வீடுகளின் தடம். தரையைத் தோண்டி மேலே கூரை போட்ட வீடுகள். வளாகத்தின் ஓடைக்கரையில் அவர்கள் சால்மன் மீனை மறித்துப் பிடித்த தடுப்பின் மிச்சமும் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. இந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் முன்னோர் இவர்கள். மாட்டுத்தொழுவம் நிற்கிற அதே வளாகத்தில்தான் இந்தப் பள்ளங்களும். காட்டை வெட்டி ஆளில்லாத நிலத்தில் கல்லூரி கட்டினோம் என்று சொல்லிவந்த கதைக்கு இந்தக் குழிகளே பதில். ஆள் இருந்தார்கள்.

கல்லூரி திறந்த அதே 1876-ல், குடியேற்ற ஆணையம் ஐனு மக்களின் நச்சு அம்பு வேட்டையைத் தடை செய்தது. ஆற்றில் சால்மன் பிடிப்பதற்கும் தடை வந்தது. அவர்கள் சாப்பாடே அதுதான். கல்லூரியில் பின்னாளில் குடியேற்றக் கொள்கை ஒரு பாடமாகவே நடந்தது, நிதோபேயும் அதைக் கற்பித்தவர்தான். 1930-களில் மருத்துவத் துறை உடற்கூறியல் பேராசிரியர் கொதாமா சாகுசாயெமோன் தலைமையில் ஐனு இடுகாடுகளைத் தோண்டி எலும்புகளை ஆராய்ச்சிக்கென்று எடுத்துவந்தார்கள். ஹொக்கைடோவில் மட்டுமில்லை, சகலினிலும் குரில் தீவுகளிலும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். நேற்றுப் போற்றிய அதே பல்கலைக்கழகம் செய்தது இது. 1995-ல் ஃபுருகாவா மண்டபத்தில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் ஆறு மண்டையோடுகள் கிடந்தன. அதில் ஒன்று கொரியாவின் தோங்ஹாக் விவசாயிகள் எழுச்சியில் கொல்லப்பட்டவருடையது என்று எழுதியிருந்தது.

எலும்புகளை வைப்பதற்கு 1984-ல் ஐனு நினைவு மண்டபம் ஒன்று கட்டினார்கள், மருத்துவத் துறைப் பக்கமாக. விசாரித்துக்கொண்டு போனோம். நாங்கள் கேட்ட ஊழியர் வழி சொன்னதோடு நிற்காமல் திருப்பம் வரை கூட வந்தார். எளிமையான கட்டடம், பூட்டியிருந்தது, வேறு ஆள் யாரும் இல்லை. உரகாவா ஊரைச் சேர்ந்த ஐனு மக்கள் 2012-ல் வழக்குப் போட்டார்கள். சமரசம் ஆகி 2016 ஜூலையில் 12 பேரின் எச்சங்கள் அந்த ஊரின் கினேயூசு என்ற பகுதிக்குத் திரும்பிப் போய் மண்ணில் அடக்கமாயின. எண்பது வருஷம் கழித்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். 2007-ல் ஐனு மற்றும் பூர்வகுடி ஆய்வு மையம் என்று ஒன்றையும் பல்கலைக்கழகம் தொடங்கியிருக்கிறது, ஐனு ஆய்வாளர்களும் அங்கே வேலை பார்க்கிறார்கள். 2026-ல் பல்கலைக்கழகத்துக்கு 150 வயது. கிளார்க் பெயர் மேடைக்கு மேடை ஒலிக்கும், ஒலிக்கட்டும், தகுதி உள்ளவர்தான். கினேயூசு என்ற பெயரும் அதே மேடையில் அதே ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

ராத்திரி மிசோ ராமென், 1,100 யென். மேலே வெண்ணெயும் சோளமும். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் 1: பையன்களும் நெல்லும்

ஷிமமாட்சு. கிளார்க் விடைபெற்ற இடம். 1877 ஏப்ரலில் வழியனுப்ப வந்த மாணவர்களிடம், பையன்களே, பெரிதாக ஆசைப்படுங்கள் என்று குதிரை மேலிருந்து சொல்லிவிட்டுப் போனாராம். ஜப்பானில் பள்ளிக்கூடம் போன அத்தனை பேருக்கும் தெரிந்த வாக்கியம்.

இங்கே போவதில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். பஸ் எப்போதோ ஒன்று, அதுவும் நாங்கள் நிறுத்தத்துக்கு ஓடிவரும்போது கண்ணெதிரே கிளம்பியது. ஆலங்கட்டி மாதிரி ஏதோ விழ ஆரம்பித்தது, ஒதுங்கக் கூரை இல்லை. கடைசியில் டாக்ஸி, மீட்டர் ஏற ஏற எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓட்டுநர் பெரியவர் அதைக் கவனித்துவிட்டார் போல. எங்களை இறக்கிவிட்டு, சுற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு, மீட்டரை நிறுத்திவைத்துவிட்டுக் காரிலேயே காத்திருந்தார். தங்கை அதிகப் பணம் கொடுக்கப் போனால் இரண்டு கையாலும் தடுத்துவிட்டார்.

அங்கே பழைய வழித்தங்கல் விடுதி ஒன்று, நீளமான மரவீடு. கிளார்க்குக்கு ஒரு கல், அதன் பக்கத்திலேயே நெல்லுக்கு ஒரு கல். என்னை இழுத்தது நெல் கல்தான். நகயாமா கியூசோ என்ற விவசாயி, இந்தக் குளிரில் நெல் வராது, கோதுமையும் மாடும்தான் என்று அரசும் வெளிநாட்டு வல்லுநர்களும் சொன்ன காலத்தில், 1873-ல் இங்கே நெல் விளைவித்துக் காட்டினார். ஓடைத்தண்ணீர் சில்லென்று வருகிறது, நாற்று முளைக்காது. குளியல் தொட்டியில் தண்ணீரைச் சுடவைத்து ராத்திரியும் பகலுமாக வயலில் ஊற்றினார். விளைந்ததும் விதையைத் தன்னிடம் பூட்டிக்கொள்ளவில்லை, கேட்ட குடியேறிகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். கிளார்க் விடைபெற்றது இந்த மனிதரின் வாசலில்தான்! இன்றைக்கு ஹொக்கைடோ ஜப்பானின் முன்னணி நெல் களஞ்சியங்களில் ஒன்று. படித்தவர்கள் முடியாது என்று சொன்னதை ஒரு சம்சாரி வெந்நீர் ஊற்றிச் சாதித்திருக்கிறார். சோறு தின்று வளர்ந்த எனக்கு அந்தக் கல்லைக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

நவம்பர் 2: தாவரத் தோட்டமும் ஆட்டுக்கறியும்

மியாபே திட்டமிட்டு 1886-ல் திறந்த தாவரத் தோட்டம், நகரத்துக்கு நடுவில் 13 ஹெக்டேர். கட்டணம் 400 யென் சொச்சம். உள்ளே 1882-ல் கட்டிய பச்சை நிற அருங்காட்சியகத்தில் இந்தத் தீவில் வாழ்ந்த எசோ ஓநாயின் பாடம் செய்த உடல் இருக்கிறது. குடியேற்ற ஆணையத்தின் குதிரைப் பண்ணையைக் காப்பாற்ற விஷம் வைத்தும் பரிசுப்பணம் கொடுத்தும் கொன்றதில் அந்த இனமே அழிந்துவிட்டது. பக்கத்தில் தாரோ என்ற நாய். 1958-ல் அண்டார்டிகாவில் சங்கிலியோடு விட்டுவரப்பட்ட நாய்களில், அடுத்த வருஷம் போனபோது உயிரோடு இருந்த இரண்டில் ஒன்று. வயதான காலத்தை இந்தத் தோட்டத்தில்தான் கழித்தது. நாய் முன்னால் கூட்டம், ஓநாய் முன்னால் நாங்கள் இரண்டு பேர்.

ராத்திரி ஜிங்கிஸ்கான். நடுவில் குவிந்த இரும்புச் சட்டியில் ஆட்டுக்கறியை நாமே சுட்டுச் சாப்பிடுவது, கறியின் சாறு ஓரத்தில் இருக்கும் வெங்காயத்திலும் முளைகட்டிய பயறிலும் இறங்கும். உடுப்பெல்லாம் புகை வாடை. கடைக்காரர் உட்காருமுன்னாலேயே எங்கள் கோட்டுகளை வாங்கிப் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தார். இரண்டு பேருக்கும் 4,800 யென். இந்தப் பயணத்தில் வயிறு நிறைய, மனசு நிறையச் சாப்பிட்டது இங்கேதான்.

நவம்பர் 3: ஷிராவோய்

கடைசி நாள். ரயிலில் ஒரு மணி நேரம் தெற்கே, கடலோரமாக. 2020-ல் திறந்த உபோபோய், ஐனு தேசிய அருங்காட்சியகம் உள்ள இடம். ஏரிக்கரை, நல்ல வெயில், காற்றுதான் தாங்கவில்லை. காட்சிப் பலகைகளில் முதலில் ஐனு மொழி, அப்புறம்தான் ஜப்பானிய மொழி. மூங்கில் துண்டில் நூலைச் சுண்டி வாயில் வைத்து இசைக்கும் முக்குரி வாசித்துக் காட்டிய இளம்பெண், முன்வரிசையில் அழ ஆரம்பித்த ஒரு குழந்தையைப் பார்த்து நிறுத்தி, அதற்கு மட்டும் மெதுவாகத் தனியாக ஒரு தடவை வாசித்தார். மதியம் ஒஹாவ், சால்மன் மீனும் காய்கறியும் போட்ட தெளிவான சூப், உப்பு மட்டும்தான் மசாலா. முள் எடுத்துச் சாப்பிட்டால் அவ்வளவு சுவை, தினைச் சோறும் சேர்ந்து 1,200 யென் பக்கம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மேட்டில் நினைவிடம். பல்கலைக்கழகங்களில் இருந்த ஐனு எச்சங்களில் பெரும்பாலானவற்றை 2019 டிசம்பருக்குள் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் மூன்று நாளுக்கு முன்னால் பூட்டிய கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோமே, அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது இங்கேதான். ஒரே இடத்தில் சேர்த்து வைத்துவிட்டால் போதுமா, அவரவர் ஊர் மண்ணுக்குத்தானே போக வேண்டும் என்று ஐனு மக்களிலேயே பலர் கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்விதான் நியாயமாகப் படுகிறது. எந்த ஊர் என்று தெரிந்தவர்களை அந்த ஊரார் கேட்டால் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. எந்தக் குழியிலிருந்து எடுத்தது என்ற குறிப்பே இல்லாதவர்களை யார் கேட்க முடியும்? எடுத்தவர்கள் பேராசிரியர்கள், குறிப்பு எழுதுவதே தொழிலாகக் கொண்டவர்கள்.